கிளித்தாள் அலமாரி

இத்தா இருக்கிற பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பொழுது எப்படிப் போகுது?" பொழுது எங்கே போகிறது, அதுவும் என்னோடு இதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவள் நக்கல் பேசினால் சந்து முழுக்கப் பேச்சாகிவிடும். "ஏதோ, அல்லாஹ் போக்குறான்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்வேன்.

புருஷன் மௌத்தான பிறகு நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல் இருப்பதைத்தான் எங்களில் இத்தா என்கிறோம். நகை கூடாது, சுர்மா கூடாது, அத்தர் கூடாது, கண்ணைப் பறிக்கிற துணி கூடாது. அவசியம் என்றால் வெளியே போகலாம் என்று மார்க்கத்தில் இடம் இருக்கிறது. ஆனால் மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் மார்க்கத்தைவிடப் பக்கத்து வீட்டுக்காரிகள் கண்டிப்பானவர்கள். ஆக, எனக்கு மாடி அறை, அதோடு ஒட்டிய குளியலறை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் சுக்கு மண்டியின் ஓட்டுக்கூரை, அதன்மேல் ஒரு பூனை. மழைக்காலம் வேறு. பூனைகூட மழை விட்டதும் எங்கேயாவது போய்விட்டு வரும். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

இந்த அறையின் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடு கொழுந்தன் பேரில். கீழே அவனும் அவன் மனைவியும் இருக்கிறார்கள், அவர்களுடைய ஒரே பெண் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். என் வீட்டுக்காரர் கடை போட்டபோதே தன் பங்கை வாங்கிக்கொண்டு தம்பிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். "மாடி அறை நமக்குத்தான், தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்பார். எல்லாம் வாய்ப்பேச்சு. பேசிய வாய் இருந்தவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லைதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பாலக்காட்டில் ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போனால் ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் பாய் விரிப்பார்கள், அந்தப் பாயை எப்போது சுருட்ட வேண்டும் என்பதை அவருடைய மருமகள் முடிவு செய்வாள். இத்தா முடிந்த பிறகு நான் எங்கே இருப்பேன் என்பது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த அறையை விட்டு எப்போது வெளியே போவோம் என்று தவித்தேன். இதே அறையை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்களோ என்றும் பயந்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தது, அதுதான் பெரிய கொடுமை.

கடை பஜார் ரோட்டில் இருந்தது. கலர்த்தாள், பரிசுப் பொருள் சுற்றும் தாள், ஜிகினா, தோரணம், பேப்பர் தட்டு என்று விற்பார். அங்கேதான் ஒருநாள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சரிந்தார். கடையைக் காலி செய்தபோது நான் மாடியில். ஒரு எட்டு போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை. இத்தாவில் கொழுந்தன் என் முன்னால் வரக் கூடாது, அதனால் எது சொல்வதானாலும் படிக்குக் கீழே நின்று குரல் கொடுப்பான்.

"மதினி, கடை சாமானெல்லாம் போயாச்சு. ஒரு அலமாரியை மட்டும் எவனும் எடுக்க மாட்டேன்றான். மேலே ஏத்தட்டுமா?"

"ஏத்துங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சுமைக்காரர்கள் முனகிக்கொண்டே ஏற்றி, சுவரோரம் வைத்துவிட்டுப் போனார்கள். வெளியே வந்து பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. அலமாரி என்றால் கதவெல்லாம் கிடையாது, முதுகுப்பலகைகூடக் கிடையாது. நாலு கால், ஐந்து தட்டு, அங்கங்கே ஆணி அடித்த ஓட்டை. இழைத்ததில்லை, பூசியதில்லை, வெறும் அயினி மரப் பலகை. இவ்வளவு வருஷம் இந்த அசிங்கத்துக்கு முன்னால்தானா அந்த மனுஷன் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தேன். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஜிகினா விற்றவருக்கு, தன் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் ஒட்ட வேண்டும் என்று தோன்றவில்லை.

அலமாரியோடு ஒரு கட்டுத் தாளும் வந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கிளித்தாள். மஞ்சள் தாளில் பச்சைக் கிளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஏதோ ஒரு ஏஜென்ட் வந்து இனிக்க இனிக்கப் பேசி அவர் தலையில் கட்டிவிட்டுப் போன சரக்கு அது. கல்யாண வீட்டுக்குக் கிளி சுற்றிய பரிசை யார் கொண்டு போவார்கள்? "உங்க கிளி இன்னும் பறக்கலையா?" என்று அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பேன். "ஒருநாள் பறக்கும், நீ பாரு" என்பார். பறக்கவே இல்லை, என்னிடம் வந்து சேர்ந்தது.

முதலில் இரண்டு வாரம் அலமாரியும் நானும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். கட்டிலில் படுத்தாலும் அது, தொழுது ஸலாம் கொடுத்துத் திரும்பினாலும் அது. கடைசியில் கோபத்தில்தான் ஆரம்பித்தேன், ஆசையில் ஒன்றும் இல்லை. ஓரகத்தியிடம் சொல்லி உப்புத்தாள் வாங்கிவரச் செய்தேன். கொழுந்தனின் மனைவியான அவள் என்னைவிட வயதில் சின்னவள், கேள்வி கேட்காமல் காரியம் செய்கிறவள். உப்புத்தாளை மடித்துத் தேய்த்த தேய்ப்பில் அறை முழுக்க மரத்தூள். தேய்க்கத் தேய்க்க எனக்கு மூச்சு சீரானது. அன்றைக்குத்தான் மறுபடி பசித்துச் சாப்பிட்டேன்.

வீட்டு ஜன்னல்களுக்கு அடித்தது போக மிச்சமிருந்த பச்சை எனாமல் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது, அதையும் ஓரகத்தியே எடுத்து வந்தாள். மேலே ஆடை கட்டியிருந்தது. கிழித்து எடுத்துப் போட்டுவிட்டு டர்பன்டைன் ஊற்றிக் கலக்கினேன். கால்களுக்கெல்லாம் பச்சை. தட்டுகளின் விளிம்புக்கு மட்டும் மஞ்சள், அது நானே வாங்கிவரச் சொன்னது. மழைக்காலத்தில் பெயின்ட் லேசில் காயாது. தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்து என் கைரேகை எல்லாம் அதில் பதிந்து, திரும்ப அடித்தேன். ஓரகத்தி சாயா கொண்டுவந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா இது, இப்படி நாறுது?"

"அத்தர்தானே பூசக் கூடாதுன்னு சொன்னாங்க. டர்பன்டைனைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு, சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

தாள் ஒட்டுவது பெயின்ட் அடிப்பதைவிடப் பெரிய பாடு. ஓரகத்தி கொண்டுவந்த ஸ்டவ்வில் மைதாவைக் கஞ்சி போலக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுப் பசை செய்தேன். முதல் தாள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. கிளிகளுக்கெல்லாம் அம்மை போட்ட மாதிரி இருந்தது. உரித்தெறிந்தேன். அப்புறம்தான் வழி பிடிபட்டது. தாளின் முதுகில் ஈரத்துணியால் ஒரு தடவு தடவி, அது ஊறி நீளும்வரை பொறுத்து, பிறகு பசையைப் பலகையில் மெல்லிசாகப் பூசி, தாளை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும். அவசரப்பட்டால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். அவசரப்பட எனக்கு என்ன இருந்தது? ஓரகத்தி கொடுத்த பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி முதுகுப்பலகையாக வைத்து அதிலும் கிளி ஒட்டினேன். ஒவ்வொரு தட்டின் முன்பக்கத்துக்கும் வெள்ளைத்தாளை மடித்து, கத்தரியால் பூவும் பிறையுமாக வெட்டித் தொங்கவிட்டேன். வெட்டிய தாளைப் பிரிக்கும்போது என்ன வரப்போகிறதோ என்று ஒவ்வொரு தடவையும் நெஞ்சு படபடத்தது. ஐம்பது வயதுக்குமேல் இது என்ன கூத்து என்று என்னையே திட்டிக்கொண்டேன், ஆனாலும் படபடத்தது.

வேலை முடிந்து, அதில் என் குர்ஆனையும் தஸ்பீஹ் மணியையும் மருந்து டப்பாவையும் அவருடைய கண்ணாடியையும் எடுத்து வைத்தபோது, அறை முதன்முதலாக எனக்குச் சொந்தமானது போல இருந்தது. மனதுக்குள் ஒரு கணக்கும் ஓடியது, மறைப்பானேன். இப்படி ஒட்டிப் பூசி ஒரு மூலையை ஆக்கி வைத்திருப்பவளைப் பார்த்து யாருக்கு எழுந்து போ என்று சொல்ல வாய் வரும்? வெறும் சுவர் என்றால் சொல்லிவிடலாம். இனிமேல் சொல்வது கஷ்டம் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒருநாள் எதிர்வீட்டு உம்மா என்னைப் பார்க்க வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வெள்ளைத் துணியில் நான், எனக்குப் பின்னால் மஞ்சளும் பச்சையுமாக அலமாரி.

"இதெந்தா மோளே, மணியறையோ?" என்றார். புது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஜோடிக்கிற அறையா இது என்று கேட்கிறார்.

எனக்குச் சுருக்கென்றது. "மரம்தானே உம்மா" என்றேன். அவர் உட்காரவில்லை. கீழே இறங்கிப் போய் ஓரகத்தியைப் பிடித்துக்கொண்டார். இத்தா இருக்கிறவள் அலங்காரம் பண்ணலாமா, அறையாக இருந்தால் மட்டும் ஆகுமா, நாளைக்கு ஊரில் நாலுபேர் என்ன சொல்லுவார்கள் என்று அவர் கேட்டதெல்லாம் மாடிக்கே கேட்டது.

ஓரகத்தி பயந்த சுபாவம். மேலே வந்து, "கோவிச்சுக்காதீங்கக்கா, பள்ளிவாசல் உஸ்தாதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றாள். அலமாரியை போனில் படம் எடுத்தாள். ஒன்று போதாதென்று பக்கவாட்டில் ஒன்று, ஜன்னலோடு சேர்த்து ஒன்று. அவளே உஸ்தாதுக்கு அனுப்ப முடியாதே, தன் புருஷனுக்கு அனுப்பினாள். அவன் அஸர் தொழுகைக்குப் போனபோது உஸ்தாதிடம் காட்டினான். பதில் சாயங்காலமே வந்துவிட்டது. விலக்கெல்லாம் அவங்க உடம்புக்குத்தான், மரத்துக்கு இத்தா கிடையாது, ஒட்டிக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. எதிர்வீட்டு உம்மா காதில் விழட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "மரத்துக்கு இத்தா கிடையாதாம்" என்று ஓரகத்தியிடம் சத்தமாகவே சொன்னேன். சின்னப் புத்திதான், இருக்கட்டும். அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

இரண்டு நாள் கழித்துக் கொழுந்தன் படிக்குக் கீழிருந்து கூப்பிட்டான். குரலில் ஒரு குழைவு.

"மதினி, சாயா குடிச்சீங்களா?"

"குடிச்சேன் தம்பி."

"அந்த அலமாரி அடிபொளியா இருக்கு. என் கூட்டுக்காரன் ஒருத்தன் போர்ட் கொச்சியில ஹோம்ஸ்டே நடத்துறான்ல, அவன்கிட்ட போட்டோவைக் காட்டினேன். இதுமாதிரி ரூமைத்தான் வெளிநாட்டுக்காரங்க தேடி வர்றாங்களாம். சீசனுக்கு ஒரு நாள்கூடக் காலியா இருக்காதுன்னான். மோளுக்குக் கல்யாணம் பார்க்கணும்ல மதினி. பக்ஷே ஒண்ணும் அவசரமில்லை, உங்க இத்தா முடியட்டும்."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வெறும் பலகையாக அது நின்றிருந்தால் இந்த அறையை எவன் திரும்பிப் பார்த்திருப்பான்? சுக்கு நெடி அடிக்கிற, பூனை மட்டும் தெரிகிற அறை. இதற்கு ஒரு விலை உண்டு என்று நானே மைதா காய்ச்சி ஒட்டிக் காட்டியிருக்கிறேன். என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போய் ஒரு தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். ஒரு கிளியின் வால் கிழிந்து கையோடு வந்தது. அதற்குமேல் முடியவில்லை. பசையை எடுத்து அந்த வாலைத் திரும்ப ஒட்டினேன். அழுதுகொண்டேதான் ஒட்டினேன்.

கொழுந்தன் கெட்டவன் என்றால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருப்பேன். அவன் கெட்டவன் இல்லை. மாதாமாதம் என் மாத்திரைகளை மறக்காமல் வாங்கி அனுப்புகிறவன். தன் அண்ணனின் மையித்தைத் தோளில் சுமந்து கபருக்குள் இறங்கி வைத்தவன். தேவை வந்துவிட்டது, கண் முன்னால் ஒரு அறை இருக்கிறது, அவ்வளவுதான். அதன்பிறகு அந்த அறையில் எனக்குக் காற்று போதவில்லை. ஒவ்வொரு நாளும் போய்த் தொலையக் கூடாதா என்று முன்பு கிடந்தவள், இப்போது ஒவ்வொரு நாளும் போகிறதே என்று கிடந்தேன்.

இத்தா முடிகிற நாள் வந்தது. குளித்துத் தொழுதேன். கீழே பெண்கள் கூடியிருந்தார்கள், நெய்ச்சோறு மணம் மாடிக்கு வந்தது. எதிர்வீட்டு உம்மாவின் குரலும் கேட்டது. ஓரகத்தி ஒரு நீலப் புடவையும் ஒரு ஜோடி வளையலும் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"வாங்கக்கா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள், கீழே கேட்கிற மாதிரி. "பாலக்காட்டு அண்ணன் கார் எடுத்துட்டு வந்திருக்காங்க. ஒரு பத்து நாள் அங்க வந்து இருந்துட்டுப் போகட்டும்னு சொல்றாங்க."

என் கையைப் பிடித்து வளையலை ஏற்றினாள். கை இளைத்திருந்தது, தடையில்லாமல் போனது. அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்தபடி, குரலை இறக்கிச் சொன்னாள்.

"கீழே இருந்த உங்க தையல் மிஷினை டிக்கியில ஏத்திட்டாங்கக்கா. இறங்கினீங்கன்னா திரும்ப ஏற விடமாட்டாங்க. இறங்காதீங்க."

"உன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா?"

"நாளைக்கு எனக்கும் இதே படிதானே."

அவ்வளவுதான் சொன்னாள். நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போய், "அக்காவுக்குத் தலை சுத்துதாம், கொஞ்சம் படுக்கட்டும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். நான் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, அலமாரியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் மேலே வந்தார். படியேறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. என் உடம்பைப் பற்றி விசாரித்தார். "கிளம்பு, ஒரு பத்து நாள் இருந்துட்டு வரலாம்" என்றார்.

"பத்து நாளைக்குத் தையல் மிஷின் எதுக்குண்ணே?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். "இது நல்லா இருக்கே, நீ செஞ்சதா?" என்றார்.

"நான் வரலைண்ணே" என்றேன்.

அவருக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். அதிகம் வற்புறுத்தவில்லை. நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார். போகும்முன் மிஷினை இறக்கிப் படிக்கட்டின் அடியில் வைத்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக மேலே வந்து என்னைப் பார்த்து, கையில் எதையாவது திணித்து, பேசிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு உம்மா அலமாரியைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

அதற்குப் பிறகு இரண்டு பெருநாள் வந்து போய்விட்டது. நான் இன்னும் கீழே இறங்கவில்லை. சாப்பாடு மேலே வருகிறது, ஓரகத்திதான் கொண்டுவருகிறாள், நாங்கள் அந்த நாளைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. வருகிறவர்களிடம் முட்டிவலி என்று சொல்லியிருக்கிறேன். முட்டியில் ஒன்றும் இல்லை. எனக்கு வெளியே போக வேண்டும். பஜார் நடுவில் நின்று, வண்டிக்காரன் திட்டத் திட்ட வழி விடாமல் நிற்க வேண்டும். அவர் கபர் இருக்கும் பக்கம் போய்ச் சுவருக்கு வெளியே நின்றாவது ஒரு பாத்திஹா ஓத வேண்டும், அதைக்கூட இன்னும் செய்யவில்லை. எழுந்து வாசற்படிவரை போவேன், நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்காருவேன்.

இப்போது கொழுந்தன் படிக்குக் கீழே நிற்க வேண்டியதில்லை, மேலேயே வரலாம். நேற்று வந்தான். அறைக்குள் காலை வைக்காமல் வாசலில் நின்றான்.

"மதினி, இப்படியே அடைஞ்சு கிடந்தா உடம்புக்கு ஆகாது. ஓட்டோ கூப்பிட்டுத் தர்றேன். சும்மா ஒரு மணிக்கூர் காத்தாட வெளிய போயிட்டு வாங்களேன்."

அக்கறையாகத்தான் சொன்னான். அவன் கண்ணையே பார்த்தேன். அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளைக்குப் பார்க்கலாம் தம்பி" என்றேன்.